ரிப்பன் நகராத வீடு

“உனக்கு இந்த உலகத்துல யாரையாவது பிடிக்குமாடி?”

அக்கா ஒருநாள் இப்படிக் கேட்டாள். அப்போது இருவரும் கடையின் பின்னறையில் தரையில் உட்கார்ந்து, புதிதாக வந்த புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா சும்மா கேட்கவில்லை. சற்று முன்னால்தான் ஒரு வாடிக்கையாளர் வாசலில் நின்று, “போன தடவை அனுப்பின நாவல் இருக்கே, அபாரம், அபாரம்” என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் தலை மறைந்ததும் தங்கையின் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அந்தக் கோணலை அக்கா பார்த்துவிட்டாள்.

தங்கை பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லும் ரகமே இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். டீச்சர் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார். பதில் நெஞ்சுவரை ஓடி வரும், தொண்டைக்கு வந்ததும் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். வகுப்பே சிரிக்கும். பதில் தெரியாத பிள்ளைகள்தான் அதிகம் சிரித்தார்கள் என்பதை அவள் அப்போதே கவனித்து வைத்திருந்தாள். ஒரு மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அதன்பிறகு அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

வாய் போனாலும் கண் போகவில்லை. வாய் பேசாத ஆளை மற்றவர்கள் நாற்காலி, மேசையோடு சேர்த்துக் கணக்கு வைத்துக்கொண்டு, எதிரிலேயே தங்கள் வேஷத்தைக் கழற்றி மாட்டிவிடுகிறார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க உதடு கோணிக்கொண்டே போனது.

அக்காவின் கணவர் வாடகைக்குப் புத்தகம் விடுகிற கடை வைத்திருந்தார். அவள் அவரை மாமா என்பாள். அவர் அவளைப் பாப்பா என்பார். கடைக்கு வந்து எடுத்துப்போகிறவர்கள் குறைவு. வீடு தேடிப் போகிற பைகள்தான் அதிகம். துணிப்பையில் ஐந்து புத்தகங்கள். சைக்கிளில் கொண்டுபோய் வாசலில் கொடுத்து, பழைய பையை வாங்கி வர வேண்டும். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

பையில் என்ன போட வேண்டும் என்பதில் மாமாவுக்கு ஒரு கொள்கை உண்டு. “மூளையும் வயிறு மாதிரிதான். ஒரே ஐட்டத்தைத் தள்ளினா மந்தம் தட்டிடும்” என்பார். ஆகவே ஒவ்வொரு பையிலும் பெரியவர்கள் மெச்சிய பழைய படைப்பு ஒன்று, இப்போது ஊரே பேசுகிற புதுப் புத்தகம் ஒன்று, வரலாறு ஒன்று, விஞ்ஞானம் ஒன்று, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்வது ஒன்று. இந்த ஐந்தில் எதையும் மாமா படித்ததில்லை. “சமைக்கிறவனே எல்லாத்தையும் சாப்பிட்டுப் பார்த்தா கடை தாங்குமா?” என்பார். 

பிறகு எப்படித் தேர்ந்தெடுப்பார்? கையில் தூக்கிப் பார்ப்பார். மச்சினி படியேற வேண்டுமே என்ற கரிசனம். மாடி வீடுகளுக்கு மெலிந்த புத்தகங்களும் தரைத்தள வீடுகளுக்குத் தடித்த புத்தகங்களும் போயின. இப்படியாக அந்த ஊரில் உயரத்தில் குடியிருந்தவர்கள் எல்லோரும் கவிதை வாசகர்கள் ஆனார்கள். தரையில் குடியிருந்தவர்கள் உலகப் போர்களில் நிபுணர்கள் ஆனார்கள். ஆனார்கள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

பின்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு சாய்வு மேசை இருந்தது. மாமா பைகளை நிரப்பும் மேசை. அதில் உட்கார்ந்தால் எல்லா அலமாரிகளும் கைக்கு எட்டும் தூரத்தில் தெரியும். தெருவில் போகிற ஒரு முகமும் தெரியாது. அவள் ஆசைப்பட்டது அந்த மேசை ஒன்றுக்குத்தான். யாருக்கு எந்தப் புத்தகம் என்று அவள் முடிவு செய்ய வேண்டும், வேறு யாராவது அதைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும், அவள் எவர் மூஞ்சியையும் பார்க்கக் கூடாது. அந்த மேசைக்காகச் சில பெரிய புத்தகங்களை அவள் படிக்காமல் சேமித்துக்கூட வைத்திருந்தாள். நின்ற வாக்கில், படிக்கட்டில், சைக்கிள் நிழலில் என்று மற்றதையெல்லாம் மேய்ந்துவிடுவாள். பெரியவற்றை மட்டும் மேசை கிடைத்ததும் நிதானமாகப் படிக்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தாள்.

ரிப்பன் விஷயம் அக்காவால் வந்தது. அக்கா வீட்டில் தையல் வேலை செய்வாள். ஜனங்கள் பக்க மூலையை நாய்க்காது மாதிரி மடித்து மடித்துப் புத்தகத்தைக் குட்டிச்சுவர் ஆக்குகிறார்கள் என்று மாமா புலம்பியபோது, மிச்சம் விழுந்த ரிப்பன் துண்டுகளைப் புத்தகங்களின் முதுகில் ஒட்டிவிடச் சொன்னாள். தங்கைதான் உட்கார்ந்து ஒட்டினாள். ஒட்டிய கையோடு, ஒவ்வொரு ரிப்பனையும் புத்தகத்தின் நடுவில் ஓர் இடத்தில் போட்டு மூடிவைத்தாள். அழகுக்காகத்தான் போட்டாள். முதல் பைகள் திரும்பி வந்தபோதுதான் தன் கையில் என்ன கிடைத்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது.

ரிப்பன் பொய் சொல்லாது. படித்தவன் ரிப்பனை நகர்த்துவான். படிக்காதவன் வீட்டில் அது போட்ட இடத்தில் அப்படியே தூங்கிவிட்டு வரும். அதன்பிறகு அவள் ஒவ்வொரு பையிலும் ரிப்பன் இருக்கும் இடத்தை மனதில் குறித்துக்கொண்டு அனுப்பினாள். திரும்பி வந்ததும் பின்னறைக்குக் கொண்டுபோய், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

வக்கீலம்மா வீட்டில் வாசகர் வட்டம் நடக்கும். வட்டம் என்றால் நடுவில் ஒரு மேசை, மேசைமேல் பழைய பெரும் படைப்பு, சுற்றிலும் நாற்காலிகள், நாற்காலிகளில் புடவைகள். அவள் பை வாங்க வெளியே நிற்கும்போது வக்கீலம்மாவின் குரல் கதவைத் தாண்டி வரும். “அந்த மனுஷன் வாழ்க்கையையே பிழிஞ்சு வச்சிருக்கான்ப்பா!” பிழிந்தது உண்மைதான். புத்தகம் திரும்பி வரும்போது ரிப்பன் முதல் அத்தியாயத்தின் மூன்றாவது பக்கத்தில் பிழிந்துபோய்க் கிடக்கும்.

‘பென்சில்’ என்று அவள் பெயர் வைத்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி வரலாற்றுப் புத்தகங்களில் அடிக்கோடு போடுவார். முன்னுரையில் வரிக்கு வரி கோடு. அரசன் பிறக்கும்போது கோடு மெலியும். அரசன் பட்டத்துக்கு வருவதற்குள் பென்சிலுக்குக் கண்ணைக் கட்டிவிடும். உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிற ஜிம்காரர் முன்னேறுவது எப்படி என்கிற வகையை மட்டும் திறப்பார். அவருடைய ரிப்பன் ‘இன்றே தொடங்குங்கள்’ என்ற தலைப்பில் நின்றுவிடும். அதற்குமேல் அவர் இன்றுவரை தொடங்கவில்லை. இன்னும் சிலர் புத்திசாலிகள். ரிப்பனைத் தூக்கிக் கடைசிப் பக்கத்தில் போட்டு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் புத்தகத்தில் இரண்டு தாள்கள் இன்னும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இவர்களாவது பரவாயில்லை. ரிப்பனைத் தொட்டார்கள். இன்னொரு வீடு இருந்தது. அந்த வீட்டுப் பையைத் திறக்கும்போதெல்லாம் அவள் உதடு காதுவரை கோணும்.

அது பல்செட் செய்கிறவரின் வீடு. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், அவர் வீட்டு முன்னறையிலேயே வெள்ளை மாவைக் குழைத்து அச்சு எடுத்து, பல் வரிசை அடுக்கிக் கொடுப்பார். ஜன்னல் கட்டையில் எப்போதும் யார் யாருடைய சிரிப்போ காய்ந்துகொண்டிருக்கும். ஆள் ஓயாத வாய். பை வாங்க வந்தால் தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பார். “நம்ம சரக்கு இருக்கே, வாங்கினவங்க எல்லாரும் வாயைத் திறந்து பாராட்டியே ஆகணும்!” என்பார். அவள் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அவர் விடமாட்டார். “போன பை ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. எல்லாமே நல்லா இருந்துச்சு.”

எல்லாமே! அவள் பையைத் திறந்து பார்ப்பாள். ஐந்து புத்தகம், ஐந்து ரிப்பன். ஐந்தும் அவள் போட்ட இடத்தில், அவள் போட்ட சாய்வில், ஒரு நூல் பிசகாமல் இருக்கும். ஒரு மூலை மடிந்திருக்காது. ஒரு கறை இருக்காது. சோப்பு வாசனை மட்டும் வரும்.

“குளியலறை அலமாரில சோப்புக் கட்டிக்குப் பக்கத்துல அடுக்கி வச்சுட்டு, அப்படியே எடுத்துக் குடுக்கிறார்” என்று அக்காவிடம் சொன்னாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசுவது அபூர்வம்.

“பாவம்டி, தனியா இருக்கிற மனுஷன். பேச்சுத் துணைக்காகப் பை வாங்குறாரோ என்னவோ.”

“அதுக்கு ஒரு கிளி வாங்கலாமே.”

கடையில் பழைய பெரும் படைப்பு ஒன்று இரண்டு பாகங்களாக இருந்தது. ஒரே செட்தான். ஒவ்வொரு பாகமும் செங்கல் கனம். அட்டையில் ஒரு வெள்ளைக் குதிரை பிடரி பறக்க ஓடும். முதல் பாகம் பல்செட் வீட்டுக்குப் போனது. தரைத்தளம் என்பதால் மாமா போட்டார். அடுத்த முறை அவள் போனபோது மற்ற நான்கையும் கொடுத்துவிட்டு அவர் தயங்கினார்.

“இந்தத் தடியை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கட்டுமா? இல்ல, உங்களுக்கு அவசரமா?”

அவள் தோளைக் குலுக்கினாள். அவளுக்கு என்ன அவசரம்?

“சீக்கிரம் குடுத்துடறேன். இந்தக் குட்டியை நெனச்சாத்தான் மனசு அடிச்சுக்குதும்மா. ரெண்டாம் பாகத்தைக் கொஞ்சம் எனக்குன்னு எடுத்து வைக்கிறீங்களா?”

வாசற்படி இறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குட்டியாம்! அட்டையில் இருப்பது வளர்ந்த குதிரை. மனுஷர் அட்டையைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. நடித்தாலும் கொஞ்சம் மெனக்கெட்டு நடிக்க வேண்டாமா? வக்கீலம்மாவாவது மூன்று பக்கம் மெனக்கெடுகிறாள்.

இந்த நேரத்தில்தான் மாமாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஊரே பேசுகிற புத்தகங்கள் போன வீட்டிலேயே படுத்துக்கொண்டன. கேட்கிற வீடுகள் கத்தின. பெரிய செட் வேண்டுமென்று வக்கீலம்மா மூன்று தடவை ஆளனுப்பிவிட்டாள். வட்டத்தில் படம் எடுக்கப் போகிறார்களாம், நடுமேசைக்கு நல்ல கனமாக ஏதாவது வேண்டுமாம். மாமா கல்லாவில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

“வீடுங்களைக் குறைச்சாத்தான் புத்தகம் சுத்தும். எந்த வீட்டை வெட்டறது? எல்லாரும் படிச்சேன், பிரமாதம்கிறான்.”

அக்கா துணியில் ஊசியைக் குத்திவிட்டு நிமிர்ந்தாள். “இவளைக் கேளுங்க. இவளுக்குத் தெரியும். பைக்குப் புத்தகம் எடுக்கிற வேலையையும் இவகிட்டயே குடுங்க. நீங்க தராசு மாதிரி தூக்கித் தூக்கிப் பாக்கறதுக்கு இவ எவ்வளவோ மேல்.”

“இவளா? வாய்க்குப் பூட்டுப் போட்டவ. நாளைக்கு ஒருத்தர் வந்து எது நல்ல புத்தகம்னு கேட்டா?”

“மேசை உள்ளேதானே இருக்கு. எவன் வந்து கேக்கப் போறான்?”

மாமா அவளைப் பார்த்தார். “சரி பாப்பா, சொல்லு பாக்கலாம். படிக்காம பையை அடைகாக்கிற வீடு எது? சரியாச் சொல்லிட்டா மேசை உன்னுது.”

தொண்டையில் எதுவும் படுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பதில் ஏற்கெனவே நாக்கு நுனியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது.

“பல்செட் வீடு.”

“அவரா? வாய் கிழியப் பாராட்டுவாரே!”

“ஒரு ரிப்பன் நகர்ந்ததில்லை. ஒரு தடவைகூட. முதல் பாகத்தையே திறக்காத ஆளு, ரெண்டாம் பாகத்தை எடுத்து வைக்கச் சொல்றார்.”

ரிப்பன் கதையை அவள் முழுதாகச் சொன்னபோது மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். “அடிப்பாவி! சி.ஐ.டி. வேலை பாத்திருக்கியே! சரி, வக்கீலம்மா?”

“அவங்களும் படிக்கறதில்லை.”

“படிக்கலைன்னா போகுது. அவங்க வட்டத்துல பாதிப் பேர் நம்ம கஸ்டமர். அவங்களை விட்டுடு.”

அவள் விட்டுவிட்டாள். வெட்டப்பட்டவை வேறு சில வீடுகள். அவற்றில் முதலாவது பல்செட் வீடு. புதிதாகச் சைக்கிளுக்கு ஓர் ஆள் போட்டார்கள். சாய்வு மேசை அவளுக்கு வந்தது. அவள் கையால் நிரப்பிய முதல் பையில், வக்கீலம்மாவுக்காக, அந்தப் பெரிய செட்டின் இரண்டாம் பாகம் போனது. முதல் பாகம் எங்கே என்று வக்கீலம்மா வீட்டிலிருந்து யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மேசையில் உட்கார்ந்ததும் அவள் கை பரபரத்தது. யாருக்கு எது தகுமோ அதைக் கொடுத்தாள். அரசியல் மேடையில் முழங்குகிற ஆளுக்கு, வாய் நாறுவதன் காரணங்களையும் விளக்குகிற உடற்கூறு நூல். மருமகளை வறுத்தெடுக்கிற மாமியாருக்குச் சிறைச்சாலைகளின் வரலாறு. பென்சிலுக்கு, முன்னுரையே இல்லாத புத்தகமாகத் தேடிப் பிடித்தாள். ஜிம்காரருக்கு, நத்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி. புதுப் புத்தகம் வேண்டுமென்று ஆலாய்ப் பறந்தவர்களுக்கு, உறையை மட்டும் மாற்றி, யாரும் தொடாத பழைய புத்தகம் ஒன்றை அனுப்பினாள்.

ஒருவராவது சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தாள். வந்தது பாராட்டு.

“இப்பல்லாம் செலக்‌ஷனே வேற லெவல்னு சொல்றாங்க பாப்பா! யாரோ விஷயம் தெரிஞ்சவங்களை உக்கார வச்சிருக்கீங்க போலன்னு வக்கீலம்மாவே போன் பண்ணினாங்க” என்று மாமா வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

ஜிம்காரர் நத்தைப் புத்தகம் தன் கண்ணைத் திறந்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார். ரிப்பன் அசையவே இல்லை. மாமியார் வீட்டில் சிறைச்சாலை மிகவும் பிடித்துவிட்டதாம். அதே மாதிரி இன்னொன்று கேட்டார்கள். அவள் அந்த ஐவகை அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர்களுக்கு மாமாவின் தராசே போதும். இவர்களுக்குச் செங்கலை உறை போட்டு அனுப்பினாலும் ‘கனமான படைப்பு’ என்பார்கள். இந்த வெறுப்பு அவளுக்குச் சுகமாக இருந்தது. கைக்கு அடங்கிய வெந்நீர்ப் பாத்திரம் மாதிரி. அதில் குளிர் காய்ந்தபடியே இருந்ததில், சேமித்து வைத்த பெரிய புத்தகங்கள் அலமாரியில் சேமித்தபடியே இருந்தன. நாளைக்குத் தொடங்கலாம் என்று தினமும் நினைத்தாள்.

ஒரு சாயங்காலம் கடைவாசலில் பழக்கமான குரல் கேட்டது.

“என்ன சார், எங்க வீட்டை மறந்துட்டீங்களா? பை வந்து எவ்வளவு நாளாச்சு! அந்தப் பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பாத்துட்டுப் போக வந்தேன்.”

பல்செட்காரர். முழங்கையில் வெள்ளை மாவு காய்ந்திருந்தது. உள்ளங்கை மட்டும் பளிச்சென்று கழுவியிருந்தது. கக்கத்தில் முதல் பாகம், கையில் காலிப் பை. பின்னறை அலமாரியின் இடுக்கு வழியாக அவள் பார்த்தாள்; மூச்சைக் கூடச் சத்தமில்லாமல் விட்டாள்.

மாமா கல்லாவில் நெளிந்தார். “வாங்க சார்... அது ஒண்ணுமில்ல. கொஞ்சம் வீடுங்களைக் குறைச்சிருக்கோம்.”

“அதுல நம்ம வீடுமா?”

“புத்தகம் பத்தலை சார். அதனால, அப்படியே படிக்காம வச்சிருக்கிற வீடுங்களை மட்டும்...”

அவர் இதையும் ஒரு ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். மாமா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

“நானா சார் படிக்காம வச்சிருக்கேன்?”

“ரிப்பன் நகரவே இல்லையாமே. எல்லாப் புத்தகத்துலயும் வச்ச இடத்துல வச்சபடி...”

“எந்த ரிப்பன்?” அவர் கக்கத்திலிருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். “இதுவா? இது அந்தப் பொண்ணோடது இல்லையா?”

“என்னது?”

“அவங்க படிச்சுக்கிட்டு இருக்கிற இடம்னு நெனச்சேனே சார். எல்லாப் புத்தகமும் பாதியில நிக்குது. பாவம், பாதி படிச்சுக்கிட்டிருக்கும்போதே நமக்குக் குடுக்க வேண்டியிருக்கே, அவங்க இடம் தவறிடக் கூடாதேன்னு ஜாக்கிரதையாப் பாத்து, படிச்சு முடிச்சதும் இருந்த இடத்துலயே திரும்ப வச்சு அனுப்புவேன். நான் எனக்கு ஒரு துண்டுப் பேப்பர் வச்சுக்குவேன். கைல எப்பவும் மாவு. புத்தகத்துல ஒட்டிக்கிட்டா அவங்க எப்படிப் படிப்பாங்க? ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொடறது.” கையிலிருந்த முதல் பாகத்தைத் தூக்கிக் காட்டினார். “அவங்களுக்காகத்தான் சார் வேகவேகமாப் படிச்சுத் திருப்புவேன். இந்த ஒண்ணு மட்டும்தான் லேட்டாயிடுச்சு.”

பின்னறையில் அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். அடுக்கடுக்காக ரிப்பன்கள் புத்தகங்களின் அடியில் நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன.

“பாப்பா!” மாமாவின் குரல். “இங்க வா கொஞ்சம்.”

அவள் வந்து நின்றாள். வகுப்பில் எழுந்து நிற்பதுபோலவே நின்றாள். மாமாவின் முகத்தில் கோபமும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. “நீ சொன்னதை வச்சுத்தானே இவர் வீட்டை எடுத்தேன். இவர் என்னமோ வேற சொல்றாரே? உன்னை நம்பித்தானே அந்த மேசையைக் குடுத்தேன்?”

அதற்குள் பல்செட்காரரே குறுக்கே விழுந்தார். அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டிருந்தது.

“விடுங்க சார், அவங்க என்ன பண்ணுவாங்க? தப்பா நெனச்சுட்டாங்க, அவ்வளவுதான். இப்ப நீங்கதான் புத்தகம் எடுக்கிறீங்களாம்மா? ரொம்ப நல்லதாப் போச்சு. அந்த ரெண்டாம் பாகம்...”

“அது வக்கீல் வீட்டுல இருக்கு” என்றார் மாமா. “இப்போதைக்கு வராது. படம் எடுக்கிறாங்களாம்.”

“ஓ.” அவர் குரல் இறங்கியது. புத்தகத்தைக் கல்லாமேல் வைத்தார். அட்டையில் வெள்ளைக் குதிரை பிடரி பறக்க ஓடிக்கொண்டிருந்தது. “சரி, எப்ப வருதோ வரட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்கம்மா. அந்தக் குட்டி என்ன ஆகுது? பொழைச்சுக்குமா? அது தெரியாம எனக்கு வேலையே ஓடலை. நேத்து ஒருத்தருக்கு மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசைல வச்சுட்டேன்.”

மாமா அவளைப் பார்த்தார். “சொல்லு பாப்பா. நம்ம பொண்ணு ஒரு புத்தகத்தை விடமாட்டா சார். மேசைல சும்மாவா உக்கார வச்சிருக்கேன்?”

இருவரும் காத்திருந்தார்கள்.

அவளுக்கு அந்த ஜன்னலோரம் தெரிந்தது. சாய்வு மேசை தெரிந்தது. அதில் நாளை மாமா உட்கார்ந்து புத்தகத்தைக் கையில் தூக்கி எடை பார்ப்பது தெரிந்தது. தான் மறுபடி சைக்கிளில் ஏறி, வாசல் வாசலாக ‘அபாரம், அபாரம்’ கேட்பது தெரிந்தது. ‘நான் அதைப் படிக்கவில்லை’ என்று சொல்ல மூன்று சொற்கள் போதும். மூன்றும் நெஞ்சுவரை ஓடி வந்தன. தொண்டையில் படுத்துக்கொண்டன. அவள் கண் தானாக அட்டைக்குப் போனது.

“குட்டிக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள். குரல் அவளுக்கே தெளிவாகக் கேட்டது. “கடைசியில அதோட அம்மாகிட்டப் போய்ச் சேர்ந்துடும். அந்த வெள்ளைக் குதிரைகிட்ட. ரொம்ப அருமையா எழுதியிருப்பார்.”

மாமா பெருமையாகத் தலையாட்டினார். “பாத்தீங்களா சார்?”

பல்செட்காரர் தலையாட்டவில்லை. அவர் அவளை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. கேலியும் இல்லை. அச்சிலிருந்து எடுத்த பல் வரிசையில் ஒன்று தவறிப்போயிருந்தால் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை. அவள் வாய் சொன்னது அவருக்கு மட்டும் எட்டாமல் போயிருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். பின்பக்கமாகத் திறந்தார். முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு துண்டுப் பேப்பர் இருந்தது. அந்தப் பக்கத்தை விரித்து, அவளுக்கு வாகாகத் திருப்பி, கல்லாமேல் வைத்தார். கழுவிய விரலால் ஒரு பத்தியைத் தொட்டுக் காட்டினார்.

அவள் குனிந்து படித்தாள். ஆற்றில் வெள்ளம். தண்ணீருக்குமேல் வெள்ளையாக ஒரு தலை ஒருமுறை எழும்புகிறது. பிறகு எழும்பவில்லை. கரையில் குட்டி நின்று, தாய் போன பக்கம் பார்த்து, விடியும்வரை கத்திக்கொண்டிருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் அவள் படித்த முதல் வரிகள் அவை.

“என்ன சார், என்ன போட்டிருக்கு?” என்று மாமா கழுத்தை நீட்டினார்.

பல்செட்காரர் நடுப்பக்கத்தில் நழுவிக்கிடந்த ரிப்பனை எடுத்து, அது இருந்த இடத்தில் இருந்த சாய்விலேயே மறுபடி கவனமாகப் போட்டார். காலிப் பையை நான்காக மடித்து அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு படியிறங்கித் தெருவில் நடந்தார். ஓயாத அந்த வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை.